வியர்வை மிகுதியும் அதன் பரிகாரமும்

வெயிலில் நடந்தவன் வியர்ப்பதும், பந்தாடிக் களைத்தவன் வியர்ப்பதும் இயல்பு. ஆனால், குளிர்ந்த காலைப் பொழுதிலே பரீட்சை மண்டபத்தில் அசையாது அமர்ந்திருக்கும் மாணவனொருவனுடைய உள்ளங்கையினின்றும் நீர் கசிந்து, எழுதிய மையைக் கலைத்து, விடைத்தாளையும் நனைத்துவிடுமாயின், அதனை இயல்பென்று கூறுதல் பொருந்துமோ? இத்துன்பமுடையார் நூற்றுக்குச் சிலர் எங்கும் உளர். அவருட் பலர் இஃது ஒரு நோயென்பதையே அறியார். கோழைத்தனமென்றும், மனவலிமைக் குறைவென்றும் பிறர் கூறும் மொழியை நம்பி, கையை மறைத்துக்கொண்டே காலங் கழிக்கின்றனர். ஆதலின், வியர்வையின் இயல்பையும், அது மிகுவதன் காரணத்தையும், அதற்குரிய பரிகாரங்களையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

நமது சரீரத்தின் உஷ்ணம் ஏறத்தாழ 37 டிகிரி சென்டிகிரேடு அளவில் நிலைத்திருத்தல் வேண்டும். அதனைக் காக்கும் பொருட்டு நமது தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் அமைந்துள்ளன. இவை உள்ளங்கை, உள்ளங்கால், நெற்றி, அக்குள் ஆகிய இடங்களில் மிக நெருங்கியிருக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலினின்றும் கவர்ந்து செல்லும். உடலைக் குளிர்விப்பது ஆவியாகும் வியர்வையேயன்றித் துளித்துளியாய்க் கீழே விழும் வியர்வை அன்று. கடற்கரை ஊர்களில் காற்று ஈரம் மிகுந்திருத்தலின், எவ்வளவு வியர்த்தும் புழுக்கம் தணியாமைக்குக் காரணம் இதுவே.

வியர்வை இருவகைத் தூண்டுதலாற் பிறக்கும்: ஒன்று வெப்பம், மற்றொன்று மனவெழுச்சி. ஜப்பானிய உடலியல் அறிஞரான யாஸ் குனோ என்பவர், 1934ஆம் ஆண்டில் மனித வியர்வையைப் பற்றி வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை விரித்துரைத்தார். உடல் முழுதும் வெப்பத்தால் வியர்க்க, உள்ளங்கையும் உள்ளங்காலுமோ பெரும்பாலும் மனவெழுச்சியாலேயே வியர்க்கின்றன. மூளையிலிருந்து புறப்படும் ஆணை பரிவு நரம்புகளின் வழியே சென்று, அவற்றின் நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை வெளிப்படுத்த, சுரப்பி தொழிற்படுகின்றது. மிகுதியாக வியர்ப்பவருடைய சுரப்பிகள் எண்ணிக்கையில் மிக்கன அல்ல. அளவிற் பெரியனவும் அல்ல. அவற்றை ஏவும் நரம்பின் தூண்டுதலே அளவு கடந்ததாகும். இதனைக் குணக்கேடென்று பழித்தல் எவ்வளவு அநியாயம் என்பது இதனால் விளங்கும்.

இம்மிகுதி இருவகைப்படும். முதல்வகை, வேறு நோய் எதுவுமின்றித் தானே தோன்றுவது. இது பெரும்பாலும் இளமையிலேயே, 25 வயதிற்கு முன் தொடங்கும், இருபுறமும் ஒத்து நிகழும், உறக்கத்தில் நின்றுவிடும், பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இருத்தலும் உண்டு. இக்குறிகள் பொருந்தி, ஆறு மாதங்களுக்கு மேலும் நீடித்து, அன்றாட அலுவலுக்கும் இடையூறாகுமாயின், முதல்வகையென்று துணியலாம். இரண்டாவது வகை, வேறொரு பிணியின் அல்லது மருந்தின் விளைவாக வருவது. தைராய்டுச் சுரப்பி மிகுந்து தொழிற்படல், இன்சுலின் கொள்வோருக்குச் சர்க்கரை தாழ்தல், மாதவிடாய் நிற்கும் பருவம், மனச்சோர்வுக்குரிய சில மருந்துகள் ஆகியன இதற்குக் காரணமாகலாம். இரவிலே படுக்கை நனையும்படி வியர்த்து, காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்திருப்பின், காசநோய் முதலியன உளவோவென்று காலந்தாழ்த்தாது பரிசோதிக்க வேண்டும். நெஞ்சுவலியோடு திடீரெனக் குளிர்ந்த வியர்வை பெருகுமாயின், அக்கணமே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இனிப் பரிகாரங்களைக் கூறுவோம். முதலாவது, தோலின்மேற் பூசும் அலுமினியம் குளோரைடு. அமெரிக்க மருத்துவரான ஸ்டில்லியன்ஸ் 1916ஆம் ஆண்டிலேயே இதனைப் பற்றி எழுதியுள்ளார். இவ்வுப்பு வியர்வைக் குழாயின் வாயிலை அடைத்து நிற்கும். சுமார் 20 சதவீதக் கரைசலை, வியர்வை அடங்கிய இரவு வேளையில், நன்றாக உலர்ந்த தோலில் தடவி, காலையிற் கழுவிவிடுதல் முறை. ஈரத்தோலில் தடவினால் அமிலம் உண்டாகி எரிச்சல் தரும். சவரம் செய்த உடனேயும் தடவலாகாது. குணம் கண்டபின் வாரம் ஓரிரு முறை போதும். அக்குளுக்கு இது மிக்க பயன் தரும்; உள்ளங்கைக்குச் சற்றுக் குறைவே.

இரண்டாவது, மின்னோட்டச் சிகிச்சை. நீர் நிறைந்த தட்டங்களிற் கைகளை வைத்து, 15 முதல் 20 மில்லி ஆம்பியர் அளவுள்ள மென்மையான மின்னோட்டத்தை 20 அல்லது 30 நிமிஷம் செலுத்துவர். வாரம் சில முறையாகச் செய்துவரின், சில வாரங்களிற் கை உலர்வதைக் காணலாம். அதன்பின் இடையிடையே செய்து அந்நிலையைக் காத்துக்கொள்ள வேண்டும். கையும் காலும் வியர்ப்போருக்கு இது மிக ஏற்றது. கருவுற்றவரும், இதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டவரும் இதனை விலக்க வேண்டும். மருத்துவர் காட்டிய கருவியாலன்றி, வீட்டு மின்சாரத்தைக் கொண்டு தாமாகவே முயல்வது உயிருக்கே அபாயம்.

மூன்றாவது, போட்டுலினம் என்னும் நச்சுப்பொருளை மிகச் சிறிய அளவில் ஊசிமூலம் செலுத்துதல். இது நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் வெளிப்படுவதைத் தடுக்கும். அக்குள் வியர்வைக்கு இதனைப் பயன்படுத்த 2004ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைவளித்தது. பயன் பல மாதங்கள் நிற்கும்; பின்னர் மீண்டும் செலுத்தவேண்டும். உள்ளங்கையிற் போடும்போது வலி மிகும். பிடியின் வலிமை சில காலம் குறைதலும் உண்டு.

நான்காவது, கிளைக்கோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் முதலிய மாத்திரைகள். இவற்றால் வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியன நேரலாம். அன்றியும், உடல் முழுவதிலும் வியர்வையைத் தடுத்தலால், கோடை வெயிலில் உழைப்போருக்கு வெப்பத்தாக்கு உண்டாகவும் கூடும். ஆகையால் மருத்துவர் ஆணையின்றி இவற்றை உட்கொள்ளலாகாது.

இறுதியானது, மார்புக்குள் இருக்கும் பரிவு நரம்பைத் துண்டிக்கும் அறுவை. இதனாற் கை உலர்வது பெரும்பாலும் உறுதி. ஆயினும், கையில் நின்ற வியர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் பெருகத் தொடங்குதல் பலருக்கு நேர்கின்றது. துண்டித்த நரம்பைப் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது. ஆதலின், ஏனைய வழிகளையெல்லாம் கையாண்டு பார்த்த பின்னரே இதனைக் கருத வேண்டும்.

சிலர் நீர் பருகுவதைக் குறைத்தால் வியர்வை குறையுமென்று எண்ணுகின்றனர். இது தவறு, உடல் வறளுமேயன்றிக் கை உலராது. பருத்தி ஆடையும், நாள்தோறும் மாற்றும் காலுறையும், ஒரே காலணியை அடுத்தடுத்த நாட்களில் அணியாமையும் நன்மை தரும். காப்பியும் காரமும் வியர்வையைத் தூண்டுவதாகக் கண்டவர் அவற்றைக் குறைத்துப் பார்க்கலாம். அஞ்சுவதால் வியர்த்தலும், வியர்ப்பதால் அஞ்சுதலும் ஒன்றையொன்று வளர்ப்பன. ஆகவே, மறைக்கவேண்டியதில்லை என்னும் நிலையே ஒருவாறு மருந்தாகும்.

இவ்விடத்தில் உடன் பயில்வாருக்கும் ஆசிரியருக்கும் ஒரு கடமை உண்டு. பரீட்சையில் கைக்கடியில் வைக்க ஒரு துணியும், தாளின்மேல் இடுதற்கு ஒரு வெற்றுத்தாளும் அனுமதித்தல் பெரிய சலுகையன்று. விரல்ரேகை காட்டி வருகை பதியும் கருவி ஈரக்கையை ஏற்க மறுக்குமாயின், அம்மாணவனை வராதவனாகக் கொள்ளாமல், பெயரை ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். கைகுலுக்கத் தயங்குபவனைச் செருக்கனென்று கருதாதிருத்தலும் வேண்டும். கையை மறைத்து வாழும் நண்பர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், தோல் மருத்துவரை நாடிச் செல்லுமாறு அவரை வேண்டிக்கொள்ளுகிறோம்.