வில்லன் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கா பாஸ்?

ஹாரி பாட்டர் படிச்ச எல்லாருக்கும் ஒரு கேள்வி. வோல்டமார்ட் என்னைக்கோ சொன்ன வார்த்தை, ஹாரிக்கு மட்டும் எப்படி அட்சரம் பிசகாம கிடைக்குது? நமக்கு நேத்து ஹெச்.ஓ.டி. திட்டினதே பாதிதான் ஞாபகம் இருக்கு!

விஷயம் சிம்பிள். ஹாரி தன் மூளையை நம்பவில்லை. டம்பிள்டோர் ரூமில் இருக்கும் பென்சீவை நம்புகிறான். 2000-ல் வந்த நான்காவது புத்தகத்தில் அறிமுகமாகும் கல் தொட்டி அது. மந்திரக்கோலை நெற்றிப்பொட்டில் வைத்து இழுத்தால், நினைவு வெள்ளி இழையாக வெளியே வரும். தொட்டியில் போட்டு முகத்தை உள்ளே விட்டால், அன்று நடந்த காட்சிக்குள்ளேயே போய் நிற்கலாம்!

எதுக்கு இவ்ளோ பில்டப்? 2005-ல் வந்த ஆறாவது புத்தகத்துக்கு வாங்க. மாணவனாக இருக்கும்போதே வோல்டமார்ட், ஆசிரியர் ஸ்லக்ஹார்னிடம் ஒரு 'டவுட்' கேட்கிறான். ஆன்மாவைத் துண்டுபோட்டு ஒளித்துவைப்பது பற்றி! வெட்கப்பட்ட ஸ்லக்ஹார்ன், அந்த நினைவைத் திருத்தித்தான் கொடுக்கிறார். ஒரிஜினல் கைக்கு வந்த பிறகுதான் 'ஏழு' என்ற எண்ணே தெரிகிறது. 'ஏதோ ஆன்மாவைப் பத்திக் கேட்டான்பா' என்று சாராம்சம் மட்டும் கிடைத்திருந்தால்? எத்தனை பொருளைத் தேடி அழிக்கணும்னு ஹாரிக்குத் தெரிஞ்சே இருக்காது.

வில்லன் கவிழ்ந்ததும் இதே மேட்டர்லதான். அவனைப் பற்றிய தீர்க்கதரிசனத்தின் முதல் பாதி மட்டுமே அவன் காதுக்குப் போனது. மீதியைக் கேட்காமலே குழந்தையைக் கொல்லக் கிளம்பி, தனக்கான எதிரியைத் தானே உருவாக்கிவிட்டான்.

நம்ம மூளை எப்படி?

ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் 1967-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு பத்தியைக் கேட்கவைத்து, அதில் வந்த ஒரு வாக்கியத்தை லேசாக மாற்றிக் காட்டுவார். அர்த்தம் மாறினால் கேட்டவர்கள் டக்கென்று பிடித்தார்கள். அர்த்தம் அப்படியே இருந்து வார்த்தை மட்டும் மாறினால்? நடுவில் அரை நிமிஷப் பேச்சு போயிருந்தாலே போதும், பெரும்பாலும் பிடிக்க முடியவில்லை. மூளை அர்த்தத்தை வெச்சுக்கிட்டு வார்த்தையைத் தூக்கிப் போட்டுடுது!

நிஜ வாழ்க்கை உதாரணமும் இருக்கு. அமெரிக்காவின் வாட்டர்கேட் ஊழல். அதிபர் நிக்சனின் வக்கீலாக இருந்த ஜான் டீன், 1973 ஜூனில் செனட் குழு முன்பு 245 பக்க வாக்குமூலம் கொடுத்தார். 'மனித டேப் ரெக்கார்டர்' என்றே பெயர் வாங்கினார். ஆனால், நிக்சன் தன் அறையில் நிஜமாகவே டேப் ஓடவிட்டிருந்தார்! உல்ரிக் நைஸர் 1981-ல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1972 செப்டம்பர் 15 சந்திப்பில் நிக்சன் பேசியதாக டீன் சொன்ன வார்த்தைகளில் பெரும்பாலானவை டேப்பில் இல்லை. போதாததுக்கு, தன் ரோலையும் கொஞ்சம் பெரிசாக்கியிருந்தார். ஆனால் டீன் பொய்யர் இல்லை. ஊழலை மூடி மறைக்கிறார்கள் என்ற அடிப்படை விஷயம் நூற்றுக்கு நூறு நிஜம்!

ஸோ, நமக்கு என்ன?

'அவ உன்னைப் பத்தி இப்படித்தான் சொன்னா' என்று ஃப்ரெண்டிடம் போய்ச் சொல்கிறோமே... அதில் சாராம்சம் அவளுடையது, வார்த்தை நம்முடையது. உடையப்போற நட்பு மட்டும் அவங்களோடது! இனிமே 'கிட்டத்தட்ட இந்த மாதிரி' என்று சேர்த்துச் சொல்லுங்க. முடிந்தால் அவளிடமே 'நீ சொன்னது இதுதானா?' என்று கேட்டுடுங்க.

யாராவது மிரட்டினால், ராகிங் செய்தால் கதையே வேற. அங்கே வார்த்தைதான் ஆதாரம். அன்றைக்கே தேதி, நேரம் போட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிவைங்க. 'அப்புறம் பார்த்துக்கலாம்' வேண்டவே வேண்டாம்.

நம்பிக்கை வரலையா? கேன்டீனில் ஒரு ஃப்ரெண்டை இரண்டு நிமிஷம் பேசவிட்டு ரெக்கார்ட் பண்ணுங்க (சொல்லிட்டுத்தான்!). அரை மணி நேரம் கழிச்சு எல்லாரும் ஞாபகத்திலிருந்து எழுதுங்க. போட்டுப் பாருங்க. அதிகமா சொதப்பினவர் தலையில் டீ செலவு!