குகைக்குப் போகும் வழியில் ஒரு கிழமரம்

கனடாவில் உறவுக்காரர்கள் இருக்கும் வீடுகளுக்குக் கோடை விடுமுறையில் வாட்ஸ்அப்பில் வந்து சேரும் படங்களில் டோபர்மோரி அடிக்கடி தலைகாட்டும். டொரன்டோவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர், காரில் நான்கு மணி நேரம். மேற்கே ஹியூரான் ஏரி, கிழக்கே அந்த ஏரியின் பெரிய கிளையான ஜார்ஜியன் விரிகுடா, நடுவில் வடக்கு நோக்கி நீட்டிய விரல்போல புரூஸ் தீபகற்பம். விரல் நுனியில் இருக்கும் சிற்றூர்தான் டோபர்மோரி. படத்தில் யார் நின்றாலும் பின்னால் இருப்பது அதே நீர். கரையோரம் வெளிர்பச்சையாகத் தொடங்கி, சற்றுத் தள்ளி மயில்கழுத்து நிறத்துக்கு மாறுகிறது. கையால் அள்ளி நாக்கில் வைத்தால்தான் அது கடல் இல்லை என்று மனம் ஒப்புக்கொள்ளும். அத்தனையும் நன்னீர்.

இந்த நிறத்துக்குக் காரணம் எளிமையானது. நீரில் ஊட்டச்சத்து குறைவு என்பதால் மிதக்கும் பாசியும் குறைவு. அடியில் கிடப்பது வெளிறிய டோலமைட் பாறை. சூரிய ஒளியின் சிவப்பை நீர் சீக்கிரம் உறிஞ்சிவிடுகிறது. எஞ்சிய நீலமும் பச்சையும் அந்த வெளிறிய தரையில் பட்டு நம் கண்ணுக்குத் திரும்புகின்றன. ஆழம் கூடக் கூடப் பச்சையும் கரைந்து நீலம் மட்டும் மிஞ்சுகிறது. ‘குரோட்டோ’ என்று அழைக்கப்படும் குகைக்குள் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். குகைக் குளத்தையும் வெளியே உள்ள விரிகுடாவையும் நீருக்கடியில் ஒரு பொந்து இணைக்கிறது. அதன் வழியே வெளிச்சம் உள்ளே வந்து குளத்தின் அடியில் விளக்கேற்றி வைத்ததுபோல ஒளிர்கிறது. இதைப் பார்க்க வரும் கூட்டத்தைச் சமாளிக்க, கோடையில் கார் நிறுத்தும் இடத்தையே முன்பதிவு செய்துதான் பெற வேண்டும்.

பாறையின் கதை இன்னும் பழையது. சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் வெப்பமண்டலத்தில், ஆழமில்லாத இளஞ்சூடான கடலுக்கு அடியில் கிடந்தது. அங்கே வளர்ந்த பவளத்திட்டுகளும் சிப்பிகளும் சுண்ணாம்புப் பாறையாக இறுகின. பிறகு மெக்னீசியம் கலந்து அது டோலமைட்டாக மாறியது. மேலே கெட்டியான டோலமைட், கீழே எளிதில் உதிரும் களிப்பாறை. அடிப்பாறை அரிக்கப்பட, பிடிமானம் இழந்த மேல்பாறை பாளம் பாளமாக உடைந்து விழுகிறது. அதனால்தான் கிழக்குக் கரை சுவர்போலச் செங்குத்தாக நிற்கிறது. மேற்குக் கரையோ மெல்லச் சரிந்து ஏரிக்குள் இறங்குகிறது. நயாகரா அருவி குதிப்பதும் இதே பாறைமேட்டின் விளிம்பிலிருந்துதான். அங்கிருந்து டோபர்மோரி வரை மேட்டை ஒட்டியே சுமார் 900 கிலோமீட்டருக்கு ‘புரூஸ் டிரெயில்’ என்ற நடைபாதை போகிறது.

நேரில் போய் வந்தபோது என் மனத்தில் தங்கியது நீரும் இல்லை, குகையும் இல்லை. குகைக்கு இறங்கும் இடத்தில், பாறை வெடிப்பிலிருந்து பக்கவாட்டில் கிளம்பி, முழங்கைபோல மடங்கி மேலே திரும்பிய ஒரு மரம். என் மணிக்கட்டைவிடச் சற்றே பருமன். ஒரு பக்கம் பட்டை உரிந்து வெள்ளி நிறத்தில் செத்திருந்தது. மறுபக்கம் செதில் செதிலாகப் பச்சை இலை. இறங்குகிறவர்கள் ஒவ்வொருவராக அதைப் பிடித்துத்தான் கால் மாற்றினார்கள். பிடித்துப் பிடித்து அந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது.

அது கிழக்கத்திய வெள்ளை சீடார். நர்சரிகளில் ‘தூஜா’ என்று தொட்டியில் விற்கும் அலங்காரச் செடிக்குச் சொந்தம். இந்தப் பாறைச்சுவர்களில் நிற்கும் மரங்களின் வயதை 1980களின் இறுதியில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் டக் லார்சனும் குழுவினரும் கணக்கிட்டபோது, ஆயிரம் ஆண்டைத் தாண்டியவையும் அவற்றில் இருப்பது தெரியவந்தது. அதுவரை யாரும் இவற்றை முதிய காடாக எண்ணிப் பார்த்ததில்லை. மேலே சமதரையில் நிமிர்ந்து நிற்கும் நெடுமரங்களைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீபகற்பம் முழுக்கக் கோடரியும் தீயும் புகுந்து வந்தன. நெடுமரங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு முளைத்தவை. கோணலும் குட்டையுமாகப் பாறையில் தொங்குபவைதான் பாட்டன் பூட்டன்கள். அறுத்தால் ஒரு நேரான பலகைகூடக் கிடைக்காத மரத்தைத் தேடிக் கோடரி வரவில்லை. மொட்டைப் பாறையில் தீயும் ஏறவில்லை.

வளர்ச்சியின் வேகத்தைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். பேரேரிப் பகுதிப் பாறை ஒன்றில் இருந்த ஒரு சீடார், 155 ஆண்டுகளில் வளர்ந்தது சுமார் 10 சென்டிமீட்டர். எடை 17 கிராம். சில மரங்களின் ஆண்டு வளையம் தலைமுடியைவிட மெல்லியது. வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால்தான் எண்ண முடியும்.

பாதி செத்த தோற்றத்துக்கும் காரணம் உண்டு. இந்த மரத்தில் ஒவ்வொரு வேரும் தண்டின் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டுமே நீர் அனுப்புகிறது. பாறை பெயர்ந்து ஒரு வேர் அறுந்தால் அந்தப் பகுதியும் அதன் கிளையும் மட்டும் காய்ந்துபோகும். மற்ற பகுதிகள் தம்பாட்டுக்கு உயிரோடு இருக்கும். ஒரே மரம், உள்ளே பல தனிக்குடித்தனங்கள். ஆனால் நூற்றாண்டுகளாகப் பாறைச்சரிவைத் தாங்கிய இந்த ஏற்பாடு மனிதக் கைகளுக்கு ஈடுகொடுப்பதில்லை. பாறையேறும் விளையாட்டு நடக்கும் செங்குத்துகளில் பழைய மரங்கள் குறைந்தும் காயப்பட்டும் இருப்பதை அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் பதிவு செய்தார்கள்.

இந்தத் தீபகற்பம் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களின் மண். சீடார் அவர்களுக்குப் புனித மருந்துகள் நான்கில் ஒன்று. இதைப் படித்தறிந்த பிறகு அந்த மரத்தின் அருகே போகவே கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை கூட்டம் வருமுன் மீண்டும் போனேன். மரத்துக்கு இடப்பக்கம், இடுப்பு உயரத்தில், விரல் நுழையும் அளவுக்குப் பாறையிலேயே ஒரு விளிம்பு இருந்தது. அதைப் பிடித்து இறங்கினேன். சற்று நேரத்தில் ஒரு குடும்பம் வந்தது. முன்னால் வந்த சிறுமி மரத்துக்குக் கை நீட்டினாள். கீழிருந்து அந்த விளிம்பைக் காட்டினேன். அவள் அதைப் பிடித்து இறங்கிவிட்டுத் திரும்பி, அடுத்து வந்த தன் அம்மாவுக்குக் காட்டினாள்.