பொட்டலத்தின் மீதுள்ள பட்டியல்: நாய், பூனை உணவின் தரத்தை அறியும் முறை

வீட்டில் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் நாய்க்கும் பூனைக்கும் இடுவதே நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். இன்றோ ஆலைகளில் செய்யப்பட்ட உணவு, பொட்டலங்களாகவும் டப்பாக்களாகவும் சிற்றூர்க் கடைகளிலும் விற்பனைக்கு வந்துள்ளது. 1860-களில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் இலண்டனில் நாய்களுக்கென ஒருவகை ரொட்டி செய்து விற்கத் தொடங்கினார். அத்தொழில் இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

'எந்த உணவை வாங்கலாம்?' என்று கால்நடைப் பணியாளரையும் ஆசிரியரையும் மக்கள் கேட்பது இயல்பு. 'பட்டியலில் முதலில் இறைச்சி இருந்தால் நல்லது. தானியம் இருந்தால் தாழ்ந்தது' என்னும் விடையே பெரும்பாலும் கூறப்படுகிறது. இவ்விடை பாதி உண்மையே. பட்டியல் எதைக் கூறுகிறது, எதைக் கூறுவதில்லை என்பதனை அறிந்தவரே அதனால் பயன்பெற இயலும்.

பட்டியலின் வரிசை

மூலப்பொருள்கள், கலவையில் சேர்க்கும்பொழுது அவற்றிற்குள்ள எடையின்படி, மிகுதியானது முதலாகவும் குறைந்தது இறுதியாகவும் எழுதப்படுகின்றன. அவ்வெடையில் நீரும் அடங்கும் என்பதை மறத்தல் ஆகாது. பச்சை இறைச்சியில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு நீரே உள்ளது.

ஒரு கலவையில் பச்சைக் கோழியிறைச்சி 30 கிலோ, அரிசி 25 கிலோ, உலர்த்திய கோழியிறைச்சித் தூள் 20 கிலோ சேர்ந்திருப்பதாகக் கொள்வோம். பட்டியலில் முதலிடம் இறைச்சிக்கே. நீர் நீங்கியபின் அதில் எஞ்சுவது 9 கிலோ மட்டுமே. அரிசியிலோ 22 கிலோ எஞ்சும். மூன்றாம் இடத்திலுள்ள இறைச்சித் தூளில் ஏறத்தாழ 19 கிலோ எஞ்சும். ஆகவே, மூன்றாவதாக நின்ற பொருள் முதலாவதைவிட இருமடங்கு சத்தை அளிக்கிறது.

ஒரே தானியத்தைப் பிரித்து எழுதுவதும் உண்டு. மக்காச்சோள மாவு 15 கிலோ, மக்காச்சோளப் புரதம் 12 கிலோ, மக்காச்சோளத் தவிடு 8 கிலோ எனத் தனித்தனியே எழுதினால் அவை 30 கிலோ இறைச்சிக்குக் கீழே நிற்கும்; கூட்டினால் 35 கிலோவாகி மேலே ஏறும். எனவே ஒரே மூலத்தைச் சார்ந்த பெயர்களைச் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

இதனால் தானியம் தீங்கானது என்று கொள்ளுதல் கூடாது. நன்கு வெந்த மாப்பொருளை நாயும் பூனையும் செரிக்க வல்லவை. ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளும் கழிவென ஒதுக்கத்தக்கவை அல்ல. அவை சத்து மிக்கவை.

பெயரும் பொருளும்

1909-ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் மாதிரி விதிகளை அந்நாட்டு மாநிலங்கள் பலவும் பின்பற்றுகின்றன. அவ்விதிகளின்படி, 'கோழி நாயுணவு' என்று பெயரிட்டால் சேர்க்கும் நீர் நீங்கலாக நூற்றுக்கு 95 பங்கு கோழியாக இருத்தல் வேண்டும். 'கோழி விருந்து' என்றால் 25 பங்கு போதும். 'கோழி சேர்ந்தது' என்றால் 3 பங்கே போதும். 'கோழிச் சுவை' என்பதற்கோ, சுவை புலப்படும் அளவே போதுமானது. அங்கிருந்து வரும் பொட்டலங்களைப் படிப்போர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நலம்.

ஈரம் நீக்கிய கணக்கு

மூலப்பொருட் பட்டியலுக்கு அருகில் புரதம், கொழுப்பு, நார்ப்பொருள், ஈரம் ஆகியவற்றின் விகிதம் அச்சிடப்பட்டிருக்கும். டப்பா உணவொன்றில் புரதம் 8 விழுக்காடு, ஈரம் 78 விழுக்காடு; உலர்ந்த உணவொன்றில் புரதம் 26, ஈரம் 10 என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்ப்பவர் உலர்ந்த உணவே சிறந்தது என்பர்.

ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால் நிலைமை மாறும். டப்பா உணவின் உலர்பொருள் 22 பங்கு. அதில் புரதம் 8. அஃதாவது 36 விழுக்காட்டிற்குச் சற்று மேல். மற்றதன் உலர்பொருள் 90 பங்கு. அதில் புரதம் 26. அஃதாவது ஏறத்தாழ 29 விழுக்காடு. மேற்கூறிய சங்கத்தின் அளவுப்படி, உலர்பொருளில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 விழுக்காடும், குட்டிக்கு 22.5 விழுக்காடும், வளர்ந்த பூனைக்கு 26 விழுக்காடும், பூனைக்குட்டிக்கு 30 விழுக்காடும் புரதம் வேண்டும். நாயுணவு பூனைக்குப் போதாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

புரதம் என்னும் எண்

இவ்வெண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் இயலாது. கோப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஜோகன் கெல்டால் 1883-இல் வகுத்த முறையில், உணவிலுள்ள நைட்ரஜன் அளக்கப்பெற்று 6.25-ஆல் பெருக்கப்படுகிறது. புரதத்தில் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு நைட்ரஜன் இருப்பதே இதற்கு அடிப்படை. நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்பதை இம்முறை வினவுவதில்லை.

பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் மெலமைனில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜனே. ஒரு கிராம் மெலமைன் இச்சோதனையில் 4 கிராமுக்கு மேற்பட்ட புரதமாகத் தோன்றும். 2007-ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் இப்பொருள் கலக்கப்பட்டிருந்தது. அதனுடன் இருந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களை உண்டாக்கவே, வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் மாண்டன. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு நிறுவனம் மட்டுமே சுமார் 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. அவற்றின் பட்டியலில் 'கோதுமைப் புரதம்' என்றே எழுதியிருந்தது.

அடுத்த ஆண்டிலேயே சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் இதே கலப்படம் வெளிப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் இறந்தன. பிராணியின் உணவைப் பற்றிய ஆராய்ச்சி மனிதர்க்கும் உரியதே என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

பட்டியல் கூறாதவை

நல்ல மக்காச்சோளமும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் பட்டியலில் ஒரே பெயரையே பெறுகின்றன. பூஞ்சையில் விளையும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பிராணியுணவில் ஒரு கிலோவிற்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருத்தல் ஆகாதென்பது அமெரிக்க வரம்பு. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டில் வரம்பு மீறிய உணவு விற்பனைக்கு வந்தது. அதனை உண்டதாகக் கருதப்படும் 70-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன.

இறைச்சி இருப்பினும் தேவையான சத்தெல்லாம் அமைந்துவிடும் என்பதற்கில்லை. தமக்கு வேண்டிய டாரின் என்னும் பொருளைப் பூனைகள் போதிய அளவு உடலில் ஆக்கிக்கொள்ள இயலாது. இதயம் நலிந்த பூனைகள் பலவற்றில் டாரின் குறைந்திருப்பதையும், அதனை ஊட்டியபின் அவை தேறியதையும் 1987-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அப்பூனைகளுள் பல, கடையில் வாங்கிய உணவையே உண்டு வந்தவை. அதன் பின்னரே உற்பத்தியாளர் டாரினை மிகுதியாகச் சேர்க்கலாயினர்.

மக்களுக்குக் கூறத்தக்கவை

முதலாவதாக, 'முழுமையான சமச்சீர் உணவு' என்னும் குறிப்பு உள்ளதா, அது குட்டிக்கா, வளர்ந்த பிராணிக்கா என்று பார்க்கச் செய்க. தின்பண்டமாக விற்பவை முழு உணவு ஆகா. பருத்த இனத்து நாய்க்குட்டிக்குக் கால்சியம் மிகுதல் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே நிறைவான உணவுடன் சுண்ணச்சத்து மருந்தைத் தாமாகச் சேர்த்தல் வேண்டா.

இரண்டாவதாக, ஈரம் நீக்கிய கணக்கைக் கொண்டே உணவுகளை ஒப்பிடுக. மூன்றாவதாக, தயாரித்தவர் முகவரியும் நாளும் காண்க. பூஞ்சை நாற்றமுடைய உணவை ஒதுக்குக. திறந்த பையை ஈரம் படாத இடத்தில் மூடிவைத்து, பையிலுள்ள தொகுதி எண்ணை உணவு தீரும்வரை காத்து வைக்குமாறு கூறுக. பிராணி வாந்தியெடுத்தாலோ உண்ண மறுத்தாலோ அவ்வெண் மருத்துவருக்கு உதவும்.

ஆசிரியர்கள் இரு வெற்றுப் பொட்டலங்களை வகுப்பிற்குக் கொணர்ந்து, மேற்காட்டிய கணக்கை மாணவரைக் கொண்டே செய்விக்கலாம். விழுக்காடு என்னும் பாடம் அங்கு உயிர்பெறும். பட்டியலைப் படித்து மேலும் வினவக் கற்ற மாணவன், நாளை தன் வீட்டிற்கு வாங்கும் பொருளையும் அவ்வாறே ஆராய்வான்.