இருபத்தைந்து எழுத்து குறைந்தால்

நடுவயதுக்காரர் ஒருவருக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை. எக்கோ எடுத்தால், இதயத் தசை தடித்தோ தொய்ந்து பெருத்தோ தெரிகிறது. இந்த இதயத்தசை நோய்க்கு ஒரு பரம்பரைக் காரணம் நம் மக்களிடம் பரவலாக இருப்பதை 2009இல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதன் முதன்மை ஆய்வாளர் பெருந்துறை தண்டபாணி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதில் உழைத்தவர். ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜும் அந்தக் குழுவில் இருந்தார். தெற்காசியர்களில் ஏறத்தாழ 100க்கு 4 பேரிடம் அந்த மரபணு மாற்றம் உண்டு.

மாற்றம் என்ன? எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் இல்லை. வியப்பு என்னவென்றால், அந்த 25 எழுத்தும் புரதத்துக்கான செய்தியைச் சுமப்பவை அல்ல. செய்தித் துண்டுகளை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று செல்லுக்குக் காட்டுபவை. அவை போனதும் பக்கத்துத் துண்டு ஒன்று விடுபட்டுப்போகிறது. மரபணுச் செய்தியை மும்மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும். துண்டு விடுபட்டதால் அந்த மூன்றின் கணக்கு பிசகி, அங்கிருந்து கடைசிவரை எல்லாமே தப்பான அமினோ அமிலங்களாகின்றன.

இந்த மரபணு உருவாக்கும் புரதம் 1,274 அமினோ அமிலங்களால் ஆனது. 11 உருண்டைகளாக மடிந்து, வரிசையாக நிற்கும். அதன் வால்பகுதிதான் இதயத் தசையின் மையோசின் இழையைக் கவ்விப்பிடிக்கிறது. அப்படிப் பிடித்து நின்றால்தான், தசை எவ்வளவு வேகமாக, எவ்வளவு வலுவாகச் சுருங்குவது என்பதை அது முறைப்படுத்த முடியும். கெடுவது அந்த வால்தான். மற்றப் பகுதி நன்றாக இருந்தும், பிடிமானம் இல்லாத புரதம் தன் இடத்தில் சரியாக அமராது. இளமையில் செல் அதைச் சிதைத்து அகற்றிவிடுகிறது, வயது ஏற ஏற அது தேங்குகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். நோய் பிந்தி வருவதற்கு அது பொருந்துகிறது.

இந்த மாற்றம் உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பலர் கடைசிவரை நலமாகவே இருக்கிறார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் பாதிப்பு கடுமை. மாமன் மகள், அத்தை மகன் என்று முறைக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுகிறது.

உங்கள் குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், அல்லது இதயம் வீங்கியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை இதய மருத்துவரைப் பார்த்து எக்கோ எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.