ஐந்து வாரப் பாடமும் ஆறிலக்க எண்ணும்

எங்கள் அயலிலே முதிய தாயார் ஒருவர் தனித்து வாழ்கிறார். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த நாடுகளில் இருக்கின்றனர். சென்ற ஆண்டு ஒருநாட் காலையில் அவருக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறியவன், மகன் அனுப்பிய பணம் தடைப்பட்டிருக்கிறதென்றும், கைத்தொலைபேசிக்கு இப்போது வரும் ஆறிலக்க எண்ணைச் சொன்னால் உடனே விடுவிக்கலாமென்றும் நயமாக உரைத்தான். அம்மையாரும் சொன்னார். மாலைக்குள் அவர் கணக்கிலிருந்த பணம் முழுவதும் மறைந்துவிட்டது. "மரியாதையாய்த்தான் கதைச்சான், தம்பி" என்று அவர் என்னிடம் சொல்லி அழுதார்.

கணினி பற்றிய பாதுகாப்பெல்லாம் அத்துறைப் பட்டதாரிகளுக்கே உரியது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அந்த அழுகை என் எண்ணத்தை மாற்றியது. தகவற் பாதுகாப்பைச் சிறிதேனும் முறையாகக் கற்க வேண்டுமென்று விரும்பித் தேடியபோது, இலண்டன் பல்கலைக்கழகத்தின் குறுங்காலப் பாடநெறி ஒன்று கண்ணிற் பட்டது.

இலண்டன் பல்கலைக்கழகம் நம்மவர்க்குப் புதியதன்று. தன் கல்லூரிகளிற் பயிலாதாரும் தேர்வெழுதிப் பட்டம் பெற 1858 ஆம் ஆண்டிலேயே அது வழி திறந்தது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிலிருந்து நம் பாட்டன்மார் பலர் இலண்டன் மற்றிக்குலேஷன் எழுதியமை யாவரும் அறிந்ததே. அப்பல்கலைக்கழகத்தின் அங்கமாகிய ரோயல் ஹொலோவே கல்லூரி, 1992 ஆம் ஆண்டிலே தகவற் பாதுகாப்புக்கென முதுமாணிப் படிப்பைத் தொடங்கியது. அக்கல்லூரியின் ஆசிரியர்களே கோர்செரா என்னும் இணையக் கல்வித் தளத்தில் ஐந்து வார அறிமுகப் பாடநெறியை வகுத்துள்ளனர். இரவு உணவின் பின் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே அதனைக் கற்றேன்.

இத்துறையின் அத்திவாரம் மூன்று கருத்துக்கள். உரியவரன்றிப் பிறர் அறியாமை முதலாவது. உள்ளது உள்ளபடி மாறாதிருத்தல் இரண்டாவது. வேண்டும்போது கிடைத்தல் மூன்றாவது. சற்றே சிந்தித்தால் இவை நம் மண்ணுக்கு அந்நியமல்ல என்பது புலப்படும்.

இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். எழுதுவோர் கைப்பிழையால் ஏட்டுக்கு ஏடு மாறிக் கிடந்த பாடங்களை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த பெரியார் அவர். இன்று ஒரு நூல் முழுவதையும் கணினி கணக்கிட்டு, அதற்குரிய குறுகிய முத்திரை எண் ஒன்றைத் தருகிறது. நூலில் ஒரு புள்ளி மாறினும் அம்முத்திரை வேறாகிவிடும். பிழை எங்கே என்று அது காட்டாது. பிழை நேர்ந்தது என்று மட்டும் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதை நாம் கண்ணீரோடு கற்றோம். 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அச்சிட்ட நூலை மீண்டும் வாங்கலாம்; ஒற்றைப் பிரதியை எங்கே வாங்குவது? 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவை தாக்குதலுக்குள்ளாயிற்று. சுமார் 5,000 முகவரிகளுக்குரிய கடிதங்களில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையானவை மீட்க முடியாமற் போயின. அக்காலப் பகுதிக்குப் பிரதி எடுத்து வைக்கப்படாமையே காரணம். தீயும் கணினித் தாக்குதலும் வெவ்வேறெனினும் பாடம் ஒன்றே. 2005 ஆம் ஆண்டு தொடங்கி நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பிரதியெடுத்து இணையத்தில் வைத்து வருவதன் அருமை எனக்கு அப்போதுதான் முற்றாக விளங்கிற்று.

இனி முதலாவது. அம்மையார் சொன்ன அந்த ஆறிலக்க எண், ஓ.ரி.பி. என்று வழங்குவது. கணக்கின் உரிமையாளரே தொலைபேசியைக் கையில் வைத்திருக்கிறார் என்பதற்கு வங்கி கேட்கும் சாட்சி அது. அதனைப் பிறனுக்குச் சொல்வது, வீட்டுத் திறப்பை வாசலில் நிற்பவனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். எத்துணை வலிய பூட்டாயினும், திறப்பை நாமே கொடுத்துவிட்டால் பூட்டு என் செய்யும்?

ஐந்து வாரத்தில் எவரும் நிபுணராகிவிட முடியாது. அன்றியும் பாடநெறி ஆங்கிலத்தில் உள்ளது. இவ்வறிவு மிக வேண்டியவர்களோ பிள்ளைகளைப் பிரிந்து வாழும் நம் முதியோர். இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உண்டு. முறையிடுவோர்க்கு வழிகாட்ட 2006 ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட சேர்ட் என்னும் அமைப்பும் உண்டு. ஆயினும் பணம் போனபின் முறையிடுவதினும் போகாமற் காப்பதே மேலன்றோ? ஆகவே கற்றவர்கள் தாம் கற்றதைத் தமிழில் எடுத்துச் சொல்லுதல் கடமையாகும்.

இவ்வெண்ணத்தோடு எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஞாயிறு மாலைதோறும் ஒரு மணி நேரம் பேசத் தொடங்கினேன். முதல் நாள் பன்னிருவர் வந்தனர். முன்வரிசையில் அந்த அம்மையார் அமர்ந்திருந்தார். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் மீண்டும் அழைத்தால் என்ன செய்வீர்கள் என்று வினவினேன்.

"ஃபோனை வைச்சுப்போட்டு, வங்கிப் புத்தகத்திலை இருக்கிற நம்பருக்கு நானே எடுப்பன்" என்றார் அவர்.

ஐந்து வாரப் பாடத்தில் நான் கற்றவற்றுள் வீட்டுக்கு வேண்டியது அந்த ஒரு விடையுள் அடங்கியிருந்தது. வாசகர்கள் இன்று மாலையே தத்தம் வீட்டு முதியோரிடம் இவ்வினாவைக் கேட்டுப் பார்ப்பார்களாக.