ஒரே மருந்து, பல பெயர்கள்: மனச்சோர்வு மாத்திரையும் கூலித் தொழிலாளரின் உரிமையும்

காவிரிப் படுகையில் நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் நிலமற்ற தலித் தொழிலாளர்களுக்குக் கூலியும் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் சேரிகளில் மனச்சோர்வுக்கு மருத்துவம் பெறுவோர், மாத்திரைக்கும் அரிசிக்கும் இடையே தேர்வு செய்ய நேர்கிறது. எனவே, மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிந்திருப்பதும் நம் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியே.

மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு: உள்ளிருக்கும் வேதிப்பொருளின் பெயர் ஒன்று, நிறுவனம் சூட்டும் வணிகப் பெயர் மற்றொன்று. ஃப்ளூஆக்செட்டின் என்பது பொருளின் பெயர். அமெரிக்காவில் 1987இல் ஒப்புதல் பெற்ற அதனை எலி லில்லி நிறுவனம் ‘புரோசாக்’ என்று விற்றது. இங்கே ‘ஃப்ளூடாக்’, ‘புரோடெப்’ போன்ற பெயர்களில் விற்கப்படுவதும் அதுவே. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்கவில்லை. 2005இல்தான் அந்நிலை மாறியது. அதனால் இந்திய நிறுவனங்கள் பல ஒரே மருந்தைத் தயாரித்தன. கடையில் வாங்கும் ‘பிராண்டு’ மாத்திரைகளில் பெரும்பாலானவை, பெயர் சூட்டப்பட்ட ஜெனரிக் மருந்துகளே.

அரசு மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி வழியே மருந்து வாங்கித் தருகிறது. தயாரிப்பாளர் மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறலாம். ‘இது வேறு மாத்திரை’ என்றெண்ணி நிறுத்திவிடுவது ஆபத்து. பொருளின் பெயரும் மில்லிகிராம் அளவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, பெயரின் பின்னால் வரும் ‘எக்ஸ்.ஆர்.’, ‘ஈ.ஆர்.’, ‘எஸ்.ஆர்.’, ‘சி.ஆர்.’ என்னும் எழுத்துகள். மருந்து உடலுக்குள் மெதுவாக வெளியாகும் என்பதே அவற்றின் பொருள். வென்லாஃபாக்சின் சாதாரண மாத்திரையை நாளுக்கு இரண்டு மூன்று வேளை உட்கொள்ள வேண்டும். நீடித்து வெளியாகும் வகை ஒரு வேளை போதும். இவ்வகையைப் பொடித்தாலோ மென்றாலோ நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக வெளியாகிவிடும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் குமட்டலும் பதற்றமும் வரலாம். ஒரு வகைக்கு மாற்றாக மற்றொன்றை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

இவ்வகை ஜெனரிக் மருந்துகளுக்குக் கண்காணிப்பும் தேவை. பூப்ரோபியான் 300 மில்லிகிராம் நீடித்த வகையின் ஜெனரிக்கான ‘புடெப்ரியான் எக்ஸ்.எல்.’, மூல மருந்தான ‘வெல்பியூட்ரின் எக்ஸ்.எல்.’லுக்கு நிகரானதன்று என 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நோயாளிகள் தொடர்ந்து அளித்த புகார்களே அந்த ஆய்வுக்கு வழிவகுத்தன.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆம் பிரிவு, சாதி, வர்க்கம் உள்ளிட்ட எந்தப் பாகுபாடுமின்றி மனநல மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கிறது. அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மருந்துகளைச் சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு இலவசமாக வழங்கவும் ஆணையிடுகிறது. ஃப்ளூஆக்செட்டின், எஸ்சிட்டலோப்ராம், அமிட்ரிப்டிலின் ஆகியவை 2022ஆம் ஆண்டின் தேசியப் பட்டியலில் உள்ளன. ஒரு நாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறாமல், தம் வட்டாரத்திலேயே இவற்றைப் பெறுவது தொழிலாளரின் உரிமை. இருப்பில் உள்ளனவா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் முன்வர வேண்டும்.