விண்வெளி நிலையத்தைக் காப்பாற்றிய குடை

விண்வெளி என்றதும் உறைய வைக்கும் குளிர்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 1973 மே மாதம் அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலேபுக்கு வந்த ஆபத்து குளிரால் அல்ல, வெயிலால் வந்தது.

மே 14 அன்று ஸ்கைலேப் ஆளில்லாமல் ஏவப்பட்டது. கிளம்பிய சுமார் ஒரு நிமிடத்திலேயே, அதைச் சுற்றியிருந்த மெல்லிய அலுமினியக் கவசம் காற்றின் வேகத்தில் பிய்ந்து போனது. விண்கற்களின் துகள்களைத் தடுப்பதற்கும் வெயிலை மறைப்பதற்கும் இருந்த கவசம் அது. அதனால் நிலையத்தின் இரு பெரிய சூரிய மின் இறக்கைகளில் ஒன்றும் பிய்ந்து போனது. மற்றொன்று கவசத்தின் துண்டில் சிக்கி விரியாமல் நின்றது.

நிலையத்தின் உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. உணவும் மருந்தும் புகைப்படச் சுருள்களும் கெட்டுவிடும் என்று விஞ்ஞானிகள் அஞ்சினர். சூடேறிய பிளாஸ்டிக் பொருட்களிலிருந்து நச்சு வாயு வெளியாகலாம் என்ற கவலையும் இருந்தது. மறுநாள் கிளம்ப வேண்டிய மூன்று வீரர்களின் பயணம் 10 நாட்கள் தள்ளிப் போனது.

வெப்பம் ஏன் வெளியேறவில்லை?

பூமியில் சூடான பாத்திரத்தை ஆற வைத்தால், அதைச் சுற்றியுள்ள காற்று வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகும். விண்வெளியில் காற்று இல்லை. ஃபிளாஸ்கின் இரட்டைச் சுவருக்கிடையே காற்றை எடுத்துவிடுவதால்தான் தேநீர் மணிக்கணக்கில் சூடாக இருக்கிறது. விண்கலமும் அப்படி ஒரு ஃபிளாஸ்குக்குள் இருப்பது போலத்தான். அதன் வெப்பம் வெளியேற ஒரே வழி கதிர்வீச்சு. அடுப்பைத் தொடாமலே அதன் அனல் நம் முகத்தில் படுகிறதல்லவா, அதுதான் கதிர்வீச்சு.

பூமியைச் சுற்றும் கலத்தில் வெயில் படும் பக்கம் 120 டிகிரி வரை சூடேறலாம். நிழலில் மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே இறங்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவே மனிதரும் கருவிகளும் பிழைத்திருக்க வேண்டும்.

தரையிலிருந்து நடந்த போராட்டம்

தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தினர் ஸ்கைலேபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தனர். சூரியனை நோக்கி நின்றால் மின்சாரம் கிடைக்கும், ஆனால் நிலையம் கொதிக்கும். விலகி நின்றால் சூடு குறையும், மின்சாரமும் குறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சாய்வாக நிறுத்தி நாட்களைக் கடத்தினர்.

அதற்குள் ஹூஸ்டனில் ஜாக் கின்ஸ்லர் என்பவர் ஒரு யோசனை சொன்னார். பட்டறைத் தொழிலிலிருந்து உயர்ந்து வந்த அவர் கல்லூரிப் பட்டம் பெறாதவர். மடக்கித் தூண்டில் கம்புகளையும் பாராசூட் துணியையும் வைத்து மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். நிலையத்தின் சுவரில் கருவிகளை வெளியே நீட்டுவதற்கென ஒரு சிறு திறப்பு இருந்தது. அதன் வழியே மடக்கிய குடையை நீட்டி, வெளியே விரித்துவிடலாம் என்பதே அவர் யோசனை. சில நாட்களில் அசல் குடை தயாரானது.

மே 25 அன்று பீட் கான்ராட், ஜோசப் கெர்வின், பால் வைட்ஸ் மூவரும் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினர். வைட்ஸ் முதலில் வாயு முகமூடி அணிந்து உள்ளே போய்க் காற்றைச் சோதித்தார். மறுநாள் குடை விரிந்தது. அடுத்த சில நாட்களில் வெப்பம் மனிதர் தங்கக்கூடிய அளவுக்கு இறங்கியது. ஜூன் 7 அன்று கான்ராடும் கெர்வினும் வெளியே சென்று, சிக்கியிருந்த மின் இறக்கையையும் விடுவித்தனர். கைவிடப்பட வேண்டிய நிலையத்தில் மூன்று குழுக்கள் மொத்தம் 171 நாட்கள் தங்கி ஆய்வு செய்தன.

இன்று எப்படி?

செயற்கைக்கோள் படங்களில் பொன்னிறத்தில் மின்னுவது பெரும்பாலும் தங்கம் அல்ல. அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்களின் அடுக்கு அது. வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளிருக்கும் சூட்டையும் நிழலில் இழக்காமல் காக்கும்.

இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ளே தண்ணீர்க் குழாய்கள் சூட்டை வாங்குகின்றன. அந்தச் சூடு வெளியே ஓடும் அமோனியாவுக்கு மாற்றப்படுகிறது. அமோனியா மனிதருக்கு நஞ்சு என்பதால் அது உள்ளே வருவதில்லை. கடைசியில், வெளியே விரிந்திருக்கும் பெரிய தகடுகள் அந்தச் சூட்டைக் கதிராக விண்வெளிக்கு அனுப்பிவிடுகின்றன.

நம் பிள்ளைகள் விண்வெளிப் படங்களைப் பார்க்கும்போது ராக்கெட்டின் வேகத்தைத்தான் வியப்பார்கள். அந்த வெள்ளைத் தகடுகளையும் பொன்னிறத் தாளையும் காட்டி, இந்தக் குடையின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.